நடக்கிறோம், குறைத்து உண்கிறோம். எடை ஏன் இறங்கவில்லை?



காலை ஏழு மணிக்குக் கிள்ளானில் ஏதாவது ஒரு தாமானுக்குள் நுழைந்து பாருங்கள். அல்லது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளின் பக்கம் போய்ப் பாருங்கள். விளையாட்டுக் காலணி அணிந்த நம்மவர்கள் கைகளை வீசிக்கொண்டு நடப்பதைக் காணலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களே அதிகம். அவர்களில் ஒருவரை நிறுத்தி, "எப்படி, எடை இறங்கிற்றா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் பதிலாகக் கிடைக்கும். "தினமும் நடக்கிறேன். சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். இரவில் சப்பாத்திதான். ஆனால் தராசு முள் நகர மாட்டேன் என்கிறது" என்பார்கள்.

இந்தப் பெருமூச்சுக்குப் பின்னால் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆறு மாதம் முயன்றும் பலன் தெரியாதவர் ஏழாவது மாதம் நடப்பதையே நிறுத்திவிடுகிறார். "நம் உடல்வாகு அப்படி" என்று சொல்லிப் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார். அந்த முடிவு சரிதானா என்பதைத்தான் இன்றைய பேச்சில் நாம் ஆராயப் போகிறோம்.

முதலில் நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் இது 54.4 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. நீரிழிவு நோயிலோ நம் இனத்தவர் முன்வரிசையில் நிற்கிறோம். 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சராசரி 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. அதாவது, நம்மில் வயது வந்த பத்துப் பேரைக் கூட்டி நிறுத்தினால், அவர்களில் மூவருக்கு நீரிழிவு. ஆகவே எடையைப் பற்றிய பேச்சு அழகைப் பற்றிய பேச்சாக நின்றுவிட முடியாது. கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு இது.

இதை நாம் புள்ளிவிவரமாக மட்டும் அறிந்தவர்கள் அல்லர். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த நம் தமையனாருக்கு நீரிழிவினால் முதலில் ஒரு கால்விரல் போயிற்று. பிறகு முழங்காலுக்குக் கீழே காலே போயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, "காலிருக்கும்போதே நடங்கள்" என்றார். அந்தச் சொல் எங்களை உலுக்கிவிட்டது. நம் துணைவியாரும் நாமும் மறுவாரமே கிள்ளானில் எங்கள் வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கினோம். வாரத்தில் ஐந்து நாள், நாள்தோறும் முக்கால் மணி நேரம். முதல் இரண்டு மாதத்தில் நமக்கு மூன்று கிலோ இறங்கியது, அவருக்கு இரண்டு கிலோ. அதன் பிறகு மூன்று மாதம் முள் அசையவே இல்லை. "இதற்கா இருட்டோடு எழுந்திருக்கிறோம்?" என்று துணைவியார் கேட்கத் தொடங்கினார். பதில் சொல்ல நமக்கும் தெரியவில்லை.

அந்த நிலையில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் சென்றோம். அங்கிருந்த தாதி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு சிறு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். "ஒரு வாரம், வாய்க்குள் போகும் எதையும் விடாமல், உண்ட உடனேயே எழுதுங்கள். தண்ணீரைத் தவிர எல்லாம். உங்களைத் திருத்துவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக" என்றார்.

எங்களுக்குச் சற்று வருத்தம்தான். "நாங்கள் அளவாகத்தானே உண்கிறோம், நம்பவில்லையா இவர்?" என்று எண்ணினோம். ஆனால் அவர் கேட்டதற்கு உறுதியான அறிவியல் காரணம் உண்டு. 1992ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடைபெற்றது. நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகவே உண்கிறோம், ஆயினும் எடை குறையவில்லை என்று கூறிய பத்துப் பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய உடல் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது என்பதைத் தனி முறையில் தயாரித்த நீரைப் பருகச் செய்து துல்லியமாக அளந்தார்கள். அவர்களின் உடல் இயக்கத்தில் குறை ஏதும் காணப்படவில்லை. ஆனால் அவர்கள் தாம் உண்டதாகச் சொன்ன அளவு, உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைவாக இருந்தது. செய்ததாகச் சொன்ன உடலுழைப்போ 51 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

அவர்கள் பொய் சொன்னவர்கள் என்று கொள்ளக் கூடாது. தட்டில் போட்டு உட்கார்ந்து உண்பதைத்தான் மனித மனம் உணவு என்று நினைவில் வைக்கிறது. நின்றபடி உண்டதும், பேசிக்கொண்டே குடித்ததும் கணக்கில் ஏறுவதில்லை. இது எல்லாருக்கும் பொதுவான குணம். எங்கள் நோட்டுப் புத்தகமும் அதையே காட்டிற்று.

அதில் முதலில் கண்ணில் பட்டது தேநீர். நாம் நாளொன்றுக்கு மூன்று கிளாஸ் தே தாரேக் குடித்து வந்திருக்கிறோம். காலையில் ஒன்று, பத்து மணிக்கு வேலையிடத்தில் ஒன்று, மாலையில் மாமாக் கடையில் நண்பர்களோடு ஒன்று. அதை நாம் உணவாகவே எண்ணியதில்லை. இப்பொழுது கணக்கைக் கேளுங்கள். ஒரு மேசைக்கரண்டி இனிப்பு டின் பாலில் சுமார் 65 கலோரி இருக்கிறது. கிளாஸுக்கு மூன்று கரண்டி ஊற்றினால் 195 கலோரி. எழுபது, எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாகும் சக்தியும் ஏறத்தாழ இவ்வளவுதான். ஆக, காலை நடையை ஒரே ஒரு கிளாஸ் தே தாரேக் ஈடுகட்டிவிடுகிறது. மற்ற இரண்டு கிளாஸும் மிச்சம்!

துணைவியாரின் நோட்டில் வேறு விதமான பதிவுகள். சமைக்கும்போது உப்புப் பார்த்தது, பேரப்பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரை முட்டையும் சோறும், தொலைக்காட்சி முன்னே நான்கு முறுக்கு, வெள்ளிக்கிழமை கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல். "வீணாகப் போகிறதே என்று வாயில் போட்டேன்" என்றார். நம் வீடுகளில் தாய்மார்கள் பலருடைய கதை இதுதான். மிஞ்சிய சோறு குப்பைக்குப் போனாலும் வீண். தேவையில்லாத வயிற்றுக்குள் போனாலும் வீண்தான். அடுத்த வேளை உலையில் ஒரு பிடி அரிசியைக் குறைத்துப் போடுவதே உண்மையான சிக்கனம்.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இன்னும் சுவையானது. அன்று சற்றுக் கூடுதலாக நடந்தோம். நடந்த மகிழ்ச்சியில் நேரே கடைக்குச் சென்று ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய் பசியாறினோம். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி. அதற்குமேல் பருப்புக் கறியும் தேநீரும். "நடந்தோம் அல்லவா, சாப்பிடலாம்" என்ற நினைப்புதான் இதற்குக் காரணம். உடற்பயிற்சி செய்வோர் பலர் இந்த வலையில் சிக்குகிறார்கள். பயிற்சி பசியைத் தூண்டுவதைவிட, "நமக்கு உரிமை உண்டு" என்ற எண்ணத்தைத் தூண்டுவது அதிகம்.

உணவை எரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நமக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணம் பத்துமலை. அங்கே 272 படிகள். மூச்சு வாங்க ஒருமுறை ஏறி முடித்தால் எவ்வளவு சக்தி செலவாகும்? எழுபது கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 40 கலோரிதான் வருகிறது. கீழே இறங்கி வந்து ஒரு லட்டு தின்றால் அதைப்போல் சில மடங்கு திரும்ப ஏறிவிடும். படியேறுவதால் நெஞ்சுக்கும் கால் தசைக்கும் கிடைக்கும் பலன் வேறு. அதைப் பின்னர் பேசுவோம். எடையைப் பொறுத்தவரை, ஓடி எரிப்பதைவிட உண்ணாமல் விடுவது எளிது.

அடுத்து, நல்ல உணவு என்று நாம் நம்புகின்றவற்றைப் பார்ப்போம். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் எடை குறையும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. முழுக் கோதுமையில் நார்ச்சத்து உண்டு என்பது மெய்யே. ஆனால் எண்ணெய் தடவிய நான்கு சப்பாத்திகளை உருளைக்கிழங்குக் கறியோடு உண்பவர், ஒரு கிண்ணம் சோறு உண்பவரைவிடக் குறைவாக உண்டவர் ஆகமாட்டார். ஓட்ஸ் கஞ்சி நல்லது. அதில் இரண்டு கரண்டி டின் பால் விட்டால் பழைய கதைதான். பழம் நல்லது, நான்கு ஆரஞ்சைப் பிழிந்து ஒரே மூச்சில் குடித்தால், நார் நீங்கிச் சர்க்கரை மட்டும் மிஞ்சுகிறது. முந்திரியும் கச்சானும் நல்லவை. ஆனால் கைப்பிடி அளவோடு நிற்க வேண்டும்.

எண்ணெய்க் கணக்கை எல்லா இல்லத்தரசிகளும் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் மாதத்துக்கு ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் மூன்று செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மூவாயிரம் கிராமை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கிட்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஆக 225 கலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்! மூன்று பொட்டலத்தை இரண்டாகக் குறைத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 75 கலோரி குறையும். யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

வாழையிலைச் சாப்பாட்டையும் இங்கே நினைவுகூர வேண்டும். பிரிக்பீல்ட்ஸுக்குச் சென்று வாழையிலையில் உண்ணாமல் திரும்புவோர் சிலரே. சாம்பாருக்கு ஒருமுறை, மீன் குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று சோறு வந்துகொண்டே இருக்கும். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. நான்கு முறை வாங்குவோர் தாம் எவ்வளவு உண்டோம் என்று சொல்லவே முடியாது. நம் சுகாதார அமைச்சு இதற்கு எளிய வழியொன்றைப் பரப்பி வருகிறது. 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று மலாயில் அதைக் கூறுகிறார்கள். தட்டில் கால் பங்கு சோறு அல்லது ரொட்டி. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்ற புரத உணவு. மீதிப் பாதி காய்கறியும் பழமும். இதை அப்படியே வாழையிலைக்கும் பொருத்தலாம். கீரை, முட்டைக்கோசு, பூசணி ஆகியவற்றை இரண்டாம் முறை கேளுங்கள். சோற்றை ஒருமுறையோடு நிறுத்துங்கள். பொரித்த பாகற்காயையும் அப்பளத்தையும் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் எடை நின்றுவிடுவது உண்டு. அதற்குக் காரணம் நம் உடலே. இதை அறிந்துகொள்ளாததால்தான் பலர் தம்மையே நொந்துகொள்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து, 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதோடு அவர்களின் உடல், செலவையும் சுருக்கிக்கொண்டது. நாடித்துடிப்பு மந்தமாயிற்று, உடல் குளிர்ந்தது, ஓயாமல் உணவைப் பற்றியே எண்ணினார்கள். பட்டினி முடிந்த பிறகு தாங்க முடியாத பசி அவர்களை ஆட்டிவைத்தது.

வருமானம் குறைந்தால் குடும்பத் தலைவி என்ன செய்கிறார்? மின்விளக்கை அணைக்கிறார், செலவைச் சுருக்குகிறார். உடலும் அப்படித்தான். பஞ்சங்களைத் தாண்டி வந்த மனித இனத்தின் உடலுக்கு, எடை குறைவது என்பது அபாயச் சங்கு. 1994ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற சுரப்புநீர் இந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை பசியைக் கூட்டும். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடும் பயிற்சியாலும் உணவுக் குறைப்பாலும் மிகுந்த எடையை இழந்த 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆயினும் ஓய்வில் இருக்கும்போது அவர்களுடைய உடல் செலவிடும் சக்தி, அந்த உடலளவுக்கு இருக்கவேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது.

உழைப்பைக் கூட்டினாலும் உடல் வேறிடத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்கள் நாள் முழுதும் நடப்பவர்கள். உடலளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், அவர்கள் செலவிடும் சக்தி மேலைநாட்டு நகரவாசிகள் செலவிடுவதைப் போன்றே இருந்தது என்று 2012இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆகவே நடையை இருமடங்காக்கினால் எடைக் குறைவும் இருமடங்காகும் என்று எதிர்பார்ப்பது தவறு.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? அவசரப்படாமல் இருப்பது முதல் வழி. எண்பது கிலோ உள்ளவர் அறுபதைக் கனவு காண்பதைவிட, நான்கு கிலோ குறைத்து அதைக் காப்பாற்றிக்கொள்வது மேல். இரண்டாவது, பருப்பு, மீன், முட்டை, டெம்பே, தவ்ஃபூ போன்ற புரத உணவை ஒவ்வொரு வேளையும் சேர்ப்பது. பசி அடங்குவதோடு தசையும் கரையாமல் நிற்கும். மூன்றாவது, நடையோடு தசைக்கும் வேலை கொடுப்பது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், வாரத்தில் இரு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குவது ஆகியவை காசில்லாப் பயிற்சிகள். நான்காவது, உறக்கம். நள்ளிரவு வரை கைப்பேசியும் கையுமாக இருந்துவிட்டு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்குபவருக்கு மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும்.

சிலருக்கு நோயோ மருந்தோ காரணமாக இருக்கலாம். தைராய்டுச் சுரப்பி மந்தமாக இருப்பது, பெண்களுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டிகளோடு மாதவிடாய் ஒழுங்கின்மை இருப்பது, உறக்கத்தில் குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது ஆகியவற்றை மருத்துவர் சோதித்துப் பார்ப்பார். இன்சுலின், நீரிழிவு மாத்திரைகளில் சில, ஸ்டீராய்டு, மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடும். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி மாற்று உண்டா என்று கேட்க வேண்டும். அதேபோல், நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ பயன்படுத்துவோர் திடீரென்று உணவைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உணவைக் குறைக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் நம் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான், தயங்க வேண்டியதில்லை.

கைப்பேசி விளம்பரங்களில் வரும் 'பத்தே நாளில் பத்துக் கிலோ' மருந்துகளைக் குறித்தும் ஒரு சொல். இத்தகைய பொடிகளிலும் காப்பிகளிலும் சிபுட்ராமின் என்ற மருந்தை மறைவாகக் கலப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நெஞ்சு நோயும் பக்கவாதமும் உண்டாக்கும் அபாயத்தால் 2010ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து அகற்றப்பட்ட மருந்து அது. பசியை அடக்கும் புதிய ஊசி மருந்துகள் இப்பொழுது வந்துள்ளன. அவை மெய்யாகவே பலன் தருகின்றன. ஆனால் அவை யாருக்கு ஏற்றவை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தெரிந்தவர் வாங்கித் தந்தார் என்று குத்திக்கொள்வது ஆபத்து.

நேயர்களே, இதுவரை தராசைப் பற்றியே பேசினோம். அந்தத் தராசு முழு உண்மையைச் சொல்கிறதா? 2004ஆம் ஆண்டில் இரு மருத்துவ அறிஞர்கள் ஒரு வேடிக்கையான ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஒருவர் புனே நகரைச் சேர்ந்த யாக்னிக்; மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கின். எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றும் இந்தியர் உடலிலும் கொழுப்பு வயிற்றைச் சுற்றிப் பதுங்கியிருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு அந்தக் குறியீட்டெண் 23ஐத் தொட்டாலே எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

இந்தப் பேச்சின் முக்கியமான செய்திக்கு இப்பொழுது வருகிறோம். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுக் காலம் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மற்றொரு சாராருக்கு நாள்தோறும் அரைமணி நேர நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைத்த உணவு என்று தொடர்ந்து வழிகாட்டினார்கள். மூன்றாண்டு முடிவில் முதல் சாராரில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடந்து, உணவைத் திருத்திக்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடு. இதில் வியப்பு என்னவென்றால், நடந்தவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை! தராசு முள் அசையாமலேயே பலருக்கு நோய் விலகி நின்றது.

இது எப்படி முடிந்தது? நடக்கும்போது கால்தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கின்றன. இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குகிறது. இந்த நன்மைகள் தராசில் தெரிவதில்லை. ஆகவே, "எடை இறங்கவில்லை, நடந்து பயனில்லை" என்று நிறுத்துகிறவர், மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே மருந்துப் புட்டியைத் தூர எறிகிறவர் ஆகிறார்.

எங்கள் கதையும் அவ்வாறே முடிந்தது. நோட்டைப் படித்து முடித்த தாதி, ஐந்து மாதத்துக்கு முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். துணைவியாருக்கு வெறும் வயிற்றில் 6.5ஆக இருந்த சர்க்கரை 5.8ஆக இறங்கியிருந்தது. இடுப்பில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. "இதைத்தான் அம்மா நீங்கள் நிறுத்தப் போகிறீர்கள்" என்றார் அந்தத் தாதி. துணைவியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நமக்கு முன்பே எழுந்து காலணி அணிந்துகொண்டார்.

நம் பெற்றோர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நானூறு ஐந்நூறு பால்மரம் சீவி, வாளி சுமந்தவர்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த வட்டாரத்தில்தான் 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான அரங்கம் எழுந்தது. உழைப்பு குறைந்தது ஒருபுறம் இருக்க, தீபாவளிக்கு மட்டும் கண்ட பலகாரமும் இறைச்சியும் இன்று நாள்தோறும், கைப்பேசியைத் தட்டினால் வாசலுக்கே வருகின்றன. நம் உடலோ அந்தப் பழைய உடலே. எனவே உடல் பருத்தவரைச் சோம்பேறி என்று ஏளனம் செய்வது அறியாமை. அவருக்கு உதவ விரும்பினால் வீட்டாரும் கடையில் 'தே ஓ கோசோங்' என்று சொல்லிப் பழகட்டும். டின் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் அது. விருந்துக்கு வந்தவரை, "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவதை அன்பின் அடையாளமாகக் கருதாமல் இருக்கட்டும்.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவின் அளவைப் பற்றிப் பேசவே ஒதுக்கினார். மருத்துவனைப் பற்றிப் பேசுமுன் உண்பவனிடம் பேசினார். அந்த முறையை நாமும் பின்பற்றலாம். இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வையுங்கள். ஒரு வாரம் ஒளிக்காமல் எழுதுங்கள். தராசில் வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் மட்டும் ஏறுங்கள். மாதத்துக்கு ஒருமுறை இடுப்பை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இன்னும் எடை 77க்குக் கீழே இறங்கவில்லை. தே தாரேக் மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்றை நாம் விடுவதாக இல்லை. தமையனார் பொய்க்காலோடு வாசலில் உட்கார்ந்து, நாங்கள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போகும்போதெல்லாம் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறார்: "இன்றைக்கு நடந்தீர்களா?" எடை எவ்வளவு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.